நாக் சென்சாரின் காதைப் பொத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இன்ஜின் தட்டுகிறது, மைலேஜ் குறைகிறது என்று பலரும் பேசுகிறார்கள். கம்பெனி கொடுத்தபடியே ஓடும் கார்களைப் பற்றியது அந்தப் பேச்சு. மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் வேறொரு ரகமும் ஓடுகிறது. போலோ ஜிடி, பலேனோ ஆர்எஸ் போன்ற சின்ன டர்போ வண்டியைப் பழையதாக வாங்கி, ரீமேப் அடித்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாப்ட்வேரைத் திருத்தி எழுதி), பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாட்டி, ஆசை விடாதவர்கள் போர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வரை போய்விடுகிறார்கள். இந்த வண்டிகளில் ஸ்கேனர் “நாக்” (தட்டல்) என்று காட்டினால் அது நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எது என்று தேடிப் பார்க்காமல், சாப்ட்வேரில் சென்சாரை மந்தமாக்கி “சரியாயிட்டு, எடுத்துட்டுப் போங்க” என்று சாவியைக் கொடுக்கும் பழக்கம் பரவி வருகிறது. பிஸ்டன் ரிங் உட்காரும் வரப்பு ஒடிந்து, அதே வண்டி சில மாதத்தில் கயிறு கட்டி இழுத்து வரப்படுகிறது.

நாக்கிங் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன்பே, ஓரத்தில் நசுங்கிச் சூடேறிக் கிடக்கும் கலவை தானாகப் பற்றி வெடித்தால் அதுதான் நாக். அந்த வெடிப்பில் சிலிண்டருக்குள் அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதும். சின்னக் குடத்தைத் தட்டினால் ஒரு சுருதி, பெரிய குடத்தைத் தட்டினால் இன்னொரு சுருதி. இங்கும் அப்படித்தான், சிலிண்டரின் விட்டம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. 1,800-ஐ, 3.14 பெருக்கல் மில்லிமீட்டரில் விட்டம் என்ற எண்ணால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ விடை வரும். போலோவின் 1.2 டர்போவுக்கு விட்டம் 71 மி.மீ., சுருதி 8.1 கிலோஹெர்ட்ஸ். பலேனோ ஆர்எஸ்ஸுக்கு 73 மி.மீ., 7.8. விட்டம் 82.5 மி.மீ. உள்ள 2 லிட்டர் இன்ஜினுக்கு 6.9. வேறு வண்டிக்கு எழுதிய ரீமேப் பைலை அப்படியே ஏற்றினால் சென்சார் தவறான சுருதிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். ட்யூன் செய்பவரிடம் உங்கள் வண்டிக்கு எத்தனை கிலோஹெர்ட்ஸ் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வண்டியை விடாதிருப்பது நல்லது.

நாக் சென்சார் என்பது அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு பீங்கான் வளையம். இன்ஜின் பிளாக்கில் ஒற்றை போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதற்கு நாக் எது, மற்ற சத்தம் எது என்று பிரித்தறியத் தெரியாது. எல்லா அதிர்வையும் மில்லிவோல்ட்டாக்கி அனுப்பும். பிரிக்கிற வேலை இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவுடையது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது, பிஸ்டன் உச்சியைத் தாண்டியபின் கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) ஏறக்குறைய 10 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை சுற்றும் நேரத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்து, அந்த இடைவெளியில் மட்டும் கேட்கும். 4,000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 24 டிகிரி சுற்றிவிடும், ஆகவே மொத்த ஜன்னலும் 2 மில்லிசெகண்டுதான். அதற்குள் கேட்ட சத்தத்தை, அந்த ஆர்பிஎம்மில் வழக்கமாக இருக்கும் இரைச்சலோடு ஒப்பிடும். குறித்த மடங்குக்கு மேல் போனால் அந்த சிலிண்டரின் டைமிங்கை, அதாவது பொறி வைக்கும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்கு இழுத்து, பிறகு மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும்.

வழக்கமான இரைச்சல் எவ்வளவு என்பது கம்பெனி இன்ஜினை வைத்துக் கம்பெனிக்காரர்கள் அளந்து எழுதிய கணக்கு. பாகத்தை மாற்றினால் இந்தக் கணக்கு பிசகும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1-3-4-2 வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் முதல் சிலிண்டரின் ஜன்னல் திறக்கிற நேரத்தில்தான் நான்காவதில் எக்ஸாஸ்ட் வால்வு மூடுகிறது. அதே ஜன்னல் 40, 50 டிகிரியைத் தொடும்போது மூன்றாவதில் இன்டேக் வால்வு சீட்டில் வந்து உட்காருகிறது. கம்பெனி கேம் என்றால் அது மெதுவாக இறங்கி உட்காரும்படி செதுக்கியிருப்பார்கள். வேகக் கேம் போட்டால் அதே வால்வு வேறு டிகிரியில், ஓங்கி அடித்து உட்காரும். இசியுவுக்கு அது நாக் மாதிரியே கேட்கும். கேம் மாற்றியவர்கள் ஜன்னலையும் இரைச்சல் கணக்கையும் திரும்ப எழுதாமல் விட்டால், தட்டாத இன்ஜின் தட்டுவதாக எந்நேரமும் டைமிங் இழுபடும்.

போர்ஜ்டு பிஸ்டனிலும் சிக்கல் உண்டு. கடையில் இரண்டு உலோகக் கலவையில் கிடைக்கும். 4032 என்பதில் 12 சதவீதம் அளவுக்கு சிலிக்கான் இருப்பதால் சூட்டில் அதிகம் விரியாது, நெருக்கமாகப் பொருத்தலாம். 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு. பலம் கூடுதல்தான், ஆனால் சூட்டில் நன்றாக விரியும் என்பதால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி அதிகமாக விட வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கையில் பிஸ்டன் ஆடிச் சுவரில் அடிக்கும். மரக்கதவை விரல் முட்டியால் தட்டுவதுபோல் மந்தமான சத்தம் வரும், ஆயில் சூடேறினால் அடங்கும். அதனால் ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தொடும் முன் எடுத்த லாக்கை (ஸ்கேனர் பதிவை) வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இவற்றைவிட அதிகம் அகப்படுவது ரொம்பச் சின்ன விஷயங்கள்தான். டவுன்பைப் பாடியில் அல்லது சப்ஃபிரேமில் உரசுவது முதலிடம். 3 இன்ச் பைப்பை நெருக்கடியான இடத்தில் நுழைத்திருப்பார்கள். வண்டி நிற்கும்போது விரல் நுழைகிற இடைவெளி தெரியும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சாய்ந்து முட்டும். சந்தேகமுள்ள இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஓர் உருண்டை ஒட்டி, மேலே அலுமினியத் தாள் மூடி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உருண்டை தட்டையாகியிருந்தால் ஆள் அகப்பட்டான். குறைந்தது 10, 12 மி.மீ. இடைவெளி வேண்டும். அடுத்தது எக்ஸாஸ்ட் சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டும், இன்ஜினுக்கு அடியில் உள்ள கவசத் தகடும். களியக்காவிளை சாலைப் பள்ளங்களில் விழுந்து எழுந்தபின் கவசத் தகட்டின் நான்கு போல்ட்டில் இரண்டு இருந்தால் அதிசயம். ரப்பர் மவுண்டை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் மவுண்ட் போட்டவர்களுக்கு, கியர்பாக்ஸ் சத்தம் கூட பிளாக்குக்கு வந்து சேரும். லேசான ஒற்றை ஃபிளைவீல் போட்டாலும் அதே கதை. ஏசி கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர் பேரிங், தளர்ந்த பிராக்கெட், தேய்ந்த டைமிங் செயின் டென்ஷனர் என்று வரிசை நீளும்.

சென்சாரையே தப்பாக மாட்டியிருப்பதும் உண்டு. இப்போதைய தட்டை வளைய சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்கு எம்8 போல்ட், 20 நியூட்டன் மீட்டர், அதாவது 2 கிலோ அளவு முறுக்கு. டார்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கினால், தளர்ந்தால் தானே அதிர்ந்து பொய் சொல்லும்; அதிகமாக இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும், அல்லது செவிடாகும். சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவே வாஷர் கூடாது, பெயின்ட் கூடாது, ஆயில் பிசுக்கு கூடாது. இன்ஜினைப் பிரித்து பிளாக்குக்குப் புதிதாக பெயின்ட் அடித்தவர்கள் அந்த ஒரு ரூபாய் அளவு வட்டத்தைச் சுரண்டி உலோகம் தெரிய விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சிலர் வேண்டுமென்றே நடுவே டெஃப்லான் டேப் சுற்றுகிறார்கள், ரப்பர் வாஷர் வைக்கிறார்கள். ஸ்கேனரில் நாக் மறைந்துவிடும். இன்ஜினுக்குள் மறையாது.

நம் மாவட்டத்துக்கென்றே உள்ள தொல்லை உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் நிற்கும் வண்டிகளில் சென்சார் கனெக்டரைக் கழற்றினால் ஊசியில் பச்சை பூத்திருக்கும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர் இது, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கனெக்டரில் ஈரம் காய நாள் ஆகும். சென்சார் தருவது மில்லிவோல்ட் கணக்கு, இரண்டு ஊசிக்கு நடுவே துளி ஈரம் இருந்தாலே சிக்னல் கசிந்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, சீல் ரப்பரில் மட்டும் மின்கடத்தாக் கிரீஸ் தடவினால் போதும். வயரைச் சுற்றியுள்ள வலையுறை இசியு பக்கம் மட்டுமே எர்த் ஆக வேண்டும். இரு முனையிலும் எர்த் கொடுத்தால், அல்லது தென்னந்தோப்பு வீட்டு எலி உறையைக் கடித்து வைத்திருந்தால், இக்னிஷன் காயிலின் இரைச்சல் உள்ளே நுழையும். ஆர்பிஎம் ஏற ஏற சீராக ஏறும் “நாக்” இந்த எலியின் வேலையாகவும் இருக்கலாம்.

நிஜமா பொய்யா என்று பிரிப்பதற்கு விலையுயர்ந்த கருவி முதலில் தேவையில்லை. சந்தேகம் வரும் ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி அதே ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோங்கள். சுமை இல்லாத இன்ஜின் தட்டாது. அங்கும் எண்ணிக்கை ஏறினால் அது இரைச்சல். பிறகு ஏசியை அணைத்து, போட்டுப் பாருங்கள். அடுத்து, முழுச் சுமை பகுதியில் டைமிங்கை 3 டிகிரி குறைத்து ஒரு லாக் எடுங்கள். நிஜ நாக் என்றால் குறையும் அல்லது மறையும். பொய் என்றால் அசையாமல் அதே ஆர்பிஎம்மில் நிற்கும். டாங்கை ஏறக்குறைய காலி செய்து எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் திறனின் எண்) பெட்ரோலை 10 லிட்டர் ஊற்றி ஓட்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான், இதில் லேப்டாப் வேண்டாம். லாக்கைச் சிலிண்டர் வாரியாகப் பார்க்க வேண்டும். ஒரே சிலிண்டரில், சுமை கூடும் இடத்தில், சூடு ஏற ஏற வளர்ந்தால் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுபட்டால் வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தேடுங்கள்.

காதால் கேட்பதற்கும் வழியுண்டு. ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் 10 மி.மீ. செப்புக் குழாயில் ஒரு சாண் வெட்டி, ஒரு முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி, 8 மி.மீ. துளை போட்டு, பிளாக்கில் காலியாக உள்ள ஏதாவது போல்ட்டில் இறுக்குங்கள். சென்சாரின் போல்ட்டில் மாட்டக் கூடாது. மறுமுனையில் 3 மீட்டர் பிளாஸ்டிக் டியூப், அதன் நுனியில் ஆலைத் தொழிலாளர்கள் போடும் காதடைப்பான். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும். நிஜ நாக் தகர டப்பாவில் குன்றிமணி குலுக்கியதுபோல் ஒழுங்கில்லாமல், கூர்மையாகக் கேட்கும். வால்வு, பிஸ்டன், செயின் சத்தமெல்லாம் தாளம் தப்பாது. ஒருமுறை கேட்ட காது பிறகு குழம்பாது. இதை நான்குவழிச் சாலையில் ஆறாவது கியரில் செய்ய வேண்டியதில்லை, முப்பந்தல் பக்கம் காற்று வண்டியைத் தள்ளும். குலசேகரம் தாண்டி மலையேறும் சாலையில் ஆளில்லாத நேரம், இரண்டாம் கியரில், 2,500-இலிருந்து 4,500 ஆர்பிஎம் வரை போனால் போதிய சுமை கிடைக்கும். வேகம் 60-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதை இப்போது பலர் விட்டுவிட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்து வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியோ, ஈயப் பொட்டுபோல் மினுங்கும் அலுமினியத் துணுக்கோ தெரிந்தால் பிஸ்டன் கரைகிறது. பிறகு சாப்ட்வேர் என்ன சொன்னாலும் காரியமில்லை, வண்டியை நிறுத்துங்கள்.

பொய் நாக்கினால் என்ன கெடுதல், டைமிங்தானே குறைகிறது, பத்திரம்தானே என்று கேட்பார்கள். டைமிங் பின்னுக்குப் போனால் எரிவது தாமதமாகி, சூடு எக்ஸாஸ்டில் போய்ச் சேரும். டர்போவும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் காயும், பிக்கப் விழும். பிக்கப் விழுந்ததைப் பார்த்து உரிமையாளர் பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) கூட்டச் சொல்வார். கூட்டினால் அப்போது வருவது நிஜ நாக்.

இதற்கு எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, எனக்கு அதுதான் கூடுதல் கவலை. வழக்கமான இரைச்சலை இசியு தானே கற்றுக்கொள்ளும். போர்ஜ்டு பிஸ்டனும் வேகக் கேமும் எந்நேரமும் சத்தம் போட்டால் அதையே வழக்கம் என்று எழுதிக்கொள்ளும். கோயில் செண்டைமேளத்தின் நடுவே யாராவது கூப்பிட்டால் காதில் விழாததுபோல, நிஜ நாக் அந்த இரைச்சலுக்குள் அமுங்கிவிடும். 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் பல வண்டிகளில் நிலைமை இதுதான். ஆகவே மேல் ஆர்பிஎம் பகுதியில் சென்சாரை நம்பி டைமிங் ஏற்றக் கூடாது. முதலிலேயே 2 டிகிரி குறைத்து வைப்பதுதான் பிழைக்கிற வழி.

இப்போது எரிபொருளுக்கு வருகிறேன். இ20-இல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில், ஆக்டேன் எண் முன்பிருந்த 91-இலிருந்து 95 அளவுக்கு உயர்ந்திருப்பதாக பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது. அப்படியானால் நாக் குறையத்தானே வேண்டும்? கம்பெனி வண்டியில் குறையும். பழைய பெட்ரோலில் ட்யூன் செய்த வண்டியில், முக்கியமாக பிக்கிபேக் பெட்டி (இசியுவின் சிக்னலை இடையில் மாற்றும் துணைக் கருவி) மாட்டியவற்றில், அப்படி நிச்சயமில்லை. இ10 முழுதாக எரிய ஒரு கிலோ எரிபொருளுக்கு 14.1 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டிவிடும். முழு மிதியில் மேப்பில் எழுதியதை மட்டுமே பார்க்கும் வண்டியில், லாம்டா (முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட காற்றின் அளவு) 0.85 வைத்த இடம் 0.89 ஆகிவிடும். கலவை வறண்டு, சூடேறி, தட்டும். மெக்கானிக் “பெட்ரோல் மாறினதால வர்ற பொய் ரீடிங்” என்று சென்சாரை அமுக்குவார். நிஜ நாக்கைப் பொய் என்று எண்ணி அமுக்குவது இப்போது அதிகம் நடப்பது இப்படித்தான்.

காற்றும் ஒரு காரணம். ஈரக்காற்று எரிதலைச் சற்று மந்தமாக்கி நாக்கைத் தள்ளிப்போடும். குளச்சல் புழுக்கத்தில் எல்லைவரை டைமிங் ஏற்றி வைத்த வண்டி, ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி வள்ளியூர் வெயிலின் வறண்ட சூட்டில் தட்டத் தொடங்கலாம். ஊருக்குள் ட்யூன் செய்பவர்கள் இதற்கென்று ஒன்றிரண்டு டிகிரி மிச்சம் வைக்க வேண்டும்.

குறைந்த ஆர்பிஎம்மில், 2,500-க்குக் கீழே, சின்ன டர்போ வண்டி ஒரே ஒரு முறை “டங்” என்று ஓங்கி அடித்தால் அது வேறு வியாதி. பொறி வருமுன்பே கலவை பற்றுகிறது. டைமிங்கைக் குறைத்தாலும் அடங்காது. ஏபிஐ எஸ்பி என்ற தர முத்திரையுள்ள இன்ஜின் ஆயில் இதையும் கருதி 2020-இல் வந்தது. அதை ஊற்றுங்கள், டாப் கியரில் ஏற்றத்தில் மிதிப்பதை விடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. தெரிந்தே செய்பவர்கள் இன்ஜினையாவது காப்பாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் அரசு ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆஸிலாஸ்கோப் வைத்து நாக் சென்சார் சிக்னலைப் பார்க்கச் சொல்லித்தரும் இரண்டு நாள் பயிற்சியை ஒர்க்‌ஷாப் பையன்களுக்கு அவை நடத்தலாம். காலியாகக் கிடக்கும் ஒரு பழைய இன்ஜினும், சென்சார் பக்கத்தில் தட்ட ஒரு சின்ன ஸ்பேனரும் இருந்தால் பாடம் தொடங்கிவிடும்.

ரீமேப்புக்குப் பணம் கொடுப்பவர்கள், வண்டியை எடுக்கும்போது ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். எந்த பெட்ரோலில் ஓட்டிப் பார்த்தது, உள்ளே போன காற்றின் சூடு எவ்வளவு, முழு மிதியில் லாம்டா என்ன, ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை டிகிரி இழுபட்டது, நாக் சென்சாரின் வரம்பு கம்பெனி வைத்த எண்தானா, மாற்றியிருந்தால் எவ்வளவிலிருந்து எவ்வளவு. கடைசி வரியை எழுதித் தரத் தயங்கினால், பழைய பைலைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
இன்ஜின் ட்யூனிங் தொழிலில் உள்ள வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.